பாட்டுக்கு அடியில்

மொத்தம் நாற்பத்திரண்டு விநாடி. சனிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலிலிருந்து சாருமதி அந்த நாற்பத்திரண்டு விநாடியை முப்பது தடவைக்கு மேல் ஓட்டிவிட்டாள். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, முழங்காலை மடக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து நிறுத்தி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையின் அடியில் இரண்டு பட்டைகள். மேலே நீலம், அது அவள் மகள் வர்ணிகாவின் பேச்சு. கீழே பச்சை, அது பாட்டு. பாட்டு என்றால் வார்த்தை கிடையாது; வீடியோ வெட்டி ஒட்டும் ஆப்பிலேயே 'குடும்பம், மகிழ்ச்சி' என்ற தலைப்பில் சும்மா கிடைத்தது, கித்தாரும் அதற்கு மேலே ஒரு புல்லாங்குழலும். பச்சைப் பட்டையைத் தொட்டால் ஒரு கோடும் கோட்டில் ஒரு புள்ளியும் வரும். புள்ளியை வலது பக்கம் இழுத்தால் பாட்டு ஏறும், இடது பக்கம் இழுத்தால் இறங்கும், சைபரிலிருந்து நூறு வரை. இருபதில் வைத்தாள், பேச்சு கேட்டது. முப்பதிலும் கேட்டது. ஐம்பதில் வைத்தபோதும் புல்லாங்குழலுக்கு அடியில் குழந்தை சொல்வது எழுத்து எழுத்தாகக் கேட்டது. அறுபதுக்குப் போனாள், அங்கேயும் கேட்டது, அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது, கேட்பது காதா, இல்லை தெரிந்த வார்த்தையை மனசே எடுத்து எடுத்துக் கொடுக்கிறதா என்று. ஏனென்றால் அந்த நாலு வாக்கியத்தையும் எழுதியவள் அவள். ஒரு வாரம் தோசை ஊற்றும்போதும் தலை பின்னும்போதும் சொல்லிக் கொடுத்தவள் அவள். சித்தப்பா, சித்தி, ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கணும். நான் கல்யாணத்துக்குப் பச்சைப் பாவாடை போட்டுட்டு வருவேன். எனக்கு ரெண்டு ஜாங்கிரி வேணும். பை. ஜாங்கிரி மட்டும் குழந்தையே சேர்த்துக்கொண்டது.

கல்யாணம் அவள் கொழுந்தன் மணிமாறனுக்கு. வருகிற வியாழக்கிழமை, துறையூரில், பெண் வீட்டார் பிடித்த மண்டபத்தில். சாயங்கால வரவேற்பில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை கட்டி, சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமும் வாழ்த்துச் சொல்வதை ஓட்டப் போகிறார்கள். இன்று ஐந்து மணிக்குள் ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். அறுநூறு பேர் உட்காரும் மண்டபம், சுவருக்குச் சுவர் ஸ்பீக்கர் பெட்டி மாட்டியிருப்பார்கள், நிச்சயத்துக்குப் போனபோதே பார்த்தாள், ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்குள்ளிருந்து வர்ணிகா பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததும் பயம் வந்தது, ஏழு வருஷமாகத் தெரிந்த பயம், பழகிப்போன வாடகைக்காரர் மாதிரி வரும் போகும், அதனோடு பேச்சுக் கொடுப்பதில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். திரையில் வர்ணிகா ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். இடது பக்கத் தலைமுடிக்குள் காது மெஷினின் அந்தச் சின்ன வட்டம், அதிலிருந்து காதுக்குப் பின்னால் இறங்கும் ஒயர். படம் எடுக்கும்போது சாருமதி மகளை இடது பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தாள். வெளிச்சத்துக்காகத்தான் என்று அப்போது நினைத்திருந்தாள்.

நிஜமான வர்ணிகா கட்டிலுக்குக் கீழே தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மெஷின் மேஜைமேல் சார்ஜில் கிடந்தது, அதன் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது, பச்சையாக இன்னும் நேரம் ஆகும். மெஷின் தலையில் இல்லாதபோது வர்ணிகாவுக்கு ஒன்றும் கேட்காது, இடி விழுந்தாலும் கேட்காது. சாருமதி சும்மா "வரு" என்றாள். கிரேயான் நிற்காமல் ஓடியது. "வரு, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியாததை அவள் இந்த முதுகிடம் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் வெட்கமாக இருக்கும், பூட்டிய கடை முன்னால் நின்று விலை கேட்டது போல. வர்ணிகாவுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது பக்கத்துக் காலி மனையில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள், இரண்டு பகல் முழுக்க, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தெருவில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து சண்டை போட்டார்கள், தூளிக்குள் குழந்தை மட்டும் அசையாமல் தூங்கியது. என்ன சமத்து என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். போனில் ஊருக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போது யோசித்தால், அந்த இரண்டு நாள் பெருமை போன்ற ஒரு பெருமை அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. பொய்யான பெருமைதான், ஆனால் அப்போது அது நிஜமாக இருந்தது, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் நினைப்பு அங்கேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு நீலப் பட்டைக்குத் திரும்பியது.

தித்தப்பா. அப்படித்தான் இருந்தது. மற்றவர்கள் காதுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவளாகவே காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்டுப் பார்த்தாள். தித்தப்பா, தித்தி, எண்டு பேரும் தந்தோதமா இக்கணும். காதுக்குள் கருவி வைத்த ஆபரேஷன் ஆகி நாலரை வருஷம். தினமும் காலையில் பல் விளக்கியதும் மெஷினை மாட்டிவிட்டு, குழந்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, உதடு தெரியாமல் ஆறு சத்தம் சொல்ல வேண்டும். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஒவ்வொன்றும் கேட்டதும் குழந்தை ஒரு பாசிமணியை டப்பாவுக்குள் போடும். பயிற்சி கொடுக்கும் மைதிலி மேடம் முதல் நாளே சொன்னார், "முகத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டா அது கேக்கறது இல்லைம்மா, கண்ணால திருடறது. காதால வாங்கட்டும்." முதல் ஐந்து மணியும் விழுந்துவிடும். ஆறாவது மணிக்காக சாருமதி பின்னால் நின்று காத்திருந்த நாட்கள் எத்தனையோ. ஸ் என்பது மனிதர்கள் உண்டாக்கும் சத்தங்களிலேயே மிக மெலிசு. குழாயில் நீர் கசிவது போல. அந்த மணி இப்போது விழுகிறது, ஒரு வருஷமாக விழுகிறது, காதுக்குள் போய்விட்டது, ஆனால் வாய் வழியாக இன்னும் வெளியே வரவில்லை. உள்ளே போனதற்கும் வெளியே வருவதற்கும் நடுவில் அது எங்கே இருக்கிறது என்று சாருமதி சில சமயம் யோசிப்பாள்.

முப்பத்தைந்தில் வைத்து ஒரு பிரதி எடுத்துக் கணவன் ஜெகதீசனுக்கு அனுப்பினாள். அவன் லால்குடியில் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான். "சூப்பரா இருக்கு. பாட்டு அருமையா செட் ஆயிருக்கு." பின்னால் யாரோ காபி குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். "வரு சொல்றது கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சே." "எல்லாமே?" "அவ என்ன சொல்றான்னு எனக்குத்தான் தெரியுமே, சாரு. ஒரு வாரமா அதைத்தானே வீட்டுல பாராயணம் பண்றீங்க." வைத்துவிட்டான். அவன் காதும் உதவாது. நம் வீட்டுக் காது எதுவும் உதவாது என்று அவளுக்குத் தோன்றியது, நாங்கள் மூன்று பேரும் ஒரு தனிப் பாஷை பேசுகிறோம், அதைத் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றும் தெரியாத ஒரு காது வேண்டும். சொந்தக்காரர் அல்லாத, பிரியம் இல்லாத, பேச்சை எதிர்பார்த்துக் காத்திருக்காத ஒரு காது. அப்படிப்பட்ட காதுகள்தான் வியாழக்கிழமை அறுநூறு வரப்போகின்றன.

காலையில் அண்ணி கூப்பிட்டதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் மத்தியானம் முழுக்க புள்ளியை இழுத்துக்கொண்டிருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அண்ணி என்றால் ஜெகதீசனின் அக்கா பத்மாவதி. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர். நல்லவர். குழந்தையின் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க சாருமதியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அதனால்தான் அவர் மேல் கோபப்படவும் வழி இல்லை. "வருவைப் பேச வெச்சு எடுத்திருக்கியாமே, ஜெகா சொன்னான். எடு, எடு. பாட்டை மட்டும் கொஞ்சம் தூக்கலா வெச்சுடு, என்ன? பாவாடையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாலே போதும், குழந்தைக்கு அது போதும்." "ஏண்ணி?" "ஏன்னா என்ன. பொண்ணு வீட்டுல எல்லாம் சொல்லியாச்சு, மறைக்கல. காது கொஞ்சம் மந்தமா இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணோம், சரியாயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பக்கத்துச் சனம் ஒரு மாதிரி. வம்சத்துல இருக்கா, நாளைக்கு எங்க பொண்ணுக்குப் பொறக்கறதுக்கும் வருமான்னு ஆரம்பிச்சா யாரு வாயை அடைக்கறது? கல்யாணம் முடியட்டும், அப்புறம் அவ மைக் புடிச்சுப் பேசட்டும்." சாருமதி "சரிங்க அண்ணி" என்றுதான் சொன்னாள். சரியாயிடுச்சு. அந்த ஒரு வார்த்தை முள் மாதிரி சேலையில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது, சமையலறைக்கு, துணி உலர்த்த மாடிக்கு, இப்போது கட்டிலுக்கு. அது பொய்யா? பொய் இல்லை. ஒன்றுமே கேட்காத குழந்தை இன்று ஜாங்கிரி கேட்கிறது. அது உண்மையா? வர்ணிகா வாயைத் திறந்து தித்தப்பா என்றால் அந்தச் சரியாயிடுச்சு அறுநூறு பேர் முன்னால் உதிர்ந்துபோகும். அப்போது பொய் சொன்னது யார், அண்ணியா, குழந்தையா?

எதிர் போர்ஷனில் இருந்த ஃபிலோமினா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, மாற்றலாகி வந்த நர்ஸ், ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிவிடுவாள், வர்ணிகாவோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை. சாருமதி கதவைத் தட்டி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, பாட்டை நாற்பத்தைந்தில் வைத்துப் போனை நீட்டினாள். ஃபிலோமினா ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி வாசலிலேயே நின்று பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது, நாற்பத்திரண்டு விநாடியும் அப்படியே இருந்தது. சாருமதி வீடியோவைப் பார்க்கவில்லை, அந்த முகத்தைத்தான் பார்த்தாள், எந்த இடத்தில் புருவம் சுருங்குகிறது என்று. ஜாங்கிரி வரும் இடத்தில் சுருங்கியது. "குட்டி ரொம்ப அழகுங்க. என்ன சொல்றா? பாட்டு சவுண்டு ஜாஸ்தியா இருக்கு, அதான் பேச்சு சரியா விழல." "பாட்டு ஜாஸ்தியாத்தான் இருக்கோ?" என்றாள் சாருமதி. "ஆமா, கொஞ்சம் குறைங்க, நல்லா இருக்கும்." நன்றி சொல்லித் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. பாட்டு ஜாஸ்தி. குற்றம் பாட்டின் மேல் விழுந்துவிட்டது. குழந்தையின் பேச்சை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வழியே இல்லை, புல்லாங்குழல்காரன் யாரோ, எந்த ஊரோ, அவன் தலையில் போய்விட்டது. எவ்வளவு சுலபம். சைபரில் வைத்துக் காட்டியிருந்தால் அந்தப் புருவம் வேறு மாதிரி சுருங்கியிருக்கும், அந்தச் சுருக்கம் அவளுக்குத் தெரியும், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், மளிகைக் கடையில் பார்த்தது, அதற்குப் பின்னாலேயே ஒரு அதிகப்படியான அன்பு வரும், குனிந்து கன்னத்தைத் தொடுவார்கள், அது வராமல் இருந்தாலே போதும் என்று இருக்கும்.

ஆக நாற்பத்தைந்து. அதுதான் அளவு என்று கட்டிலுக்குத் திரும்பும்போது முடிவு பண்ணினாள். அறுபது என்றால் வேண்டுமென்றே அடைத்தது தெரியும். முப்பது என்றால் தித்தப்பா வெளியே வரும். நாற்பத்தைந்தில் குரல் இருக்கும், குழந்தைக் குரல், துள்ளலாக, உயிரோடு, வார்த்தை மட்டும் இருக்காது. கீழே எழுத்துப் போட்டுவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது, போட்டும் பார்த்தாள், சித்தப்பா என்ற சுத்தமான எழுத்து திரையில் வந்ததும் அதற்கு மேலே ஒலித்த தித்தப்பா இன்னும் தனியாகத் தெரிந்தது, பிழை திருத்திய பரீட்சைத் தாள் மாதிரி. அழித்துவிட்டாள். நாற்பத்தைந்து. நான் என்ன செய்கிறேன் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. இதற்குப் பதில் தயாராக இருந்தது: குழந்தையைக் காப்பாற்றுகிறேன். குழந்தையையா, அண்ணியின் வார்த்தையையா, இல்லை அந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்காரப்போகும் என்னையா? மணி நாலு இருபது. சேமி என்ற பொத்தானை அழுத்தினாள், வட்டம் சுற்ற ஆரம்பித்தது, பன்னிரண்டு சதவீதம், முப்பது சதவீதம், அது சுற்றுகிற நேரத்தில் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்போல் இருந்தது, வேலை முடிந்தவர்களுக்கு வரும் தூக்கம்.

முழங்காலில் ஒரு கை பட்டது. வர்ணிகா எழுந்து நின்றிருந்தாள். மேஜைமேல் விளக்கு பச்சை ஆகியிருந்தது, அவளே எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள், வட்டம் தலையில் போய் ஒட்டும்போது வரும் அந்தச் சின்ன டக் சத்தத்தைக்கூட சாருமதி கவனிக்கவில்லை. "நா பாக்கணும்." "இரு, வரட்டும்." "நா பாக்கணும்மா." ஒயரைப் பிடுங்கிவிட்டு போனைக் கையில் கொடுத்தாள். வர்ணிகா கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை முகத்துக்கு மிகக் கிட்டே வைத்துக்கொண்டாள். புல்லாங்குழல் ஆரம்பித்தது. திரையில் இருந்த வர்ணிகா பேசினாள், பாவாடையை விரித்துக் காட்டினாள், இரண்டு விரலை நீட்டி ஜாங்கிரி கேட்டாள், கையை ஆட்டினாள். முடிந்தது. வர்ணிகா நிமிர்ந்து பார்த்தாள். "அப்புதம்?" அப்புறம் என்ன என்று கேட்கிறாள். "அவ்வளவுதான் கண்ணு. முடிஞ்சுடுச்சு." "நா எப்ப பேதுவேன்?" சாருமதிக்கு முதலில் புரியவில்லை. "பேசிட்டியே. இதுல பேசறியே." வர்ணிகா மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை மெஷினைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, காலையில் ஆறாவது சத்தத்துக்குக் காத்திருக்கும் அதே முகத்தோடு கேட்டாள். நாற்பத்திரண்டு விநாடி. "வாய் ஆடுது," என்றாள். "நா இல்ல. பாட்டு இக்கு. நா இல்ல." அழவில்லை, கோபமும் இல்லை, மணி டப்பாவில் விழவில்லை என்று அம்மாவிடம் சொல்வது போல, இருப்பதை இருந்தபடி சொன்னாள்.

மைதிலி மேடம் இதையும் எப்போதோ சொல்லியிருந்தார். டிவி ஓடும்போது குழந்தையோடு பேசாதீங்க, மிக்ஸி ஓடும்போது பேசாதீங்க, நமக்குப் பாட்டு வேற பேச்சு வேறன்னு பிரிஞ்சு கேக்கும், மெஷினுக்கு ரெண்டும் ஒரே கூட்டமாத்தான் வரும். சாருமதி இதை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வீட்டில் மிக்ஸி போடும் முன்னால் மகள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பவள் அவள். அப்படிப்பட்டவள் ஒன்றரை மணி நேரமாக அறுநூறு காதுகளையும் வரிசையாக உட்காரவைத்து யோசித்தாள், ஒரு காது மட்டும் அந்த வரிசையில் வரவே இல்லை. அந்தக் காது மண்டபத்தில் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பெரிய திரையில் தன்னைப் பார்க்கும், எப்போது பேசுவேன் என்று காத்திருக்கும். அழுகை வரும் என்று சாருமதி எதிர்பார்த்தாள். வரவில்லை. போனை வாங்கினாள், விரல் தானாகப் போய்ப் பச்சைப் பட்டையை அழுத்திப் பிடித்தது, நீக்கவா என்று கேட்டது, ஆமாம் என்றாள். பட்டை போய்விட்டது. நீலம் மட்டும் இருந்தது, தனியாக, மேடு பள்ளமாக. போனை மகள் கையில் கொடுத்தாள். "தித்தப்பா," என்றது போன், ஜன்னலுக்கு வெளியே போன ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தமும் கூடவே வந்தது. வர்ணிகாவின் முகம் விரிந்தது. "நா!" என்றாள். ஜாங்கிரி வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, முதல் வார்த்தைக்குத் திரும்பப் போய், நின்று கேட்டாள். "தப்பு," என்றாள். "எது?" "தித்தப்பா தப்பு." உதட்டை இழுத்து, பல்லைக் கடித்து, காற்றைத் தள்ளிப் பார்த்தாள். ஒரு ஸ் போன்ற ஒன்று வந்தது, பாதி, உடனே த் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. "மறுபடி எடுக்கலாமா?" என்றாள் சாருமதி. வர்ணிகா யோசித்தாள். "வேணாம். இது நல்லா இக்கு," என்று சொல்லிவிட்டுத் தரைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அனுப்பியபோது மணி நாலு ஐம்பத்தொன்று. இரண்டு நீலக் குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்டுடியோக்காரர் அருள்தாஸ் கூப்பிட்டார். "அக்கா, வந்துடுச்சு. ஆனா பாட்டு இல்லாம வந்திருக்கே? பரவால்ல, எல்லார் வீடியோவுக்கும் அடியில ஒரே மியூசிக்கா ஓட விடறோம், இதுக்கும் சேத்துடறேன்." "வேண்டாங்க. இதுக்கு மட்டும் நிறுத்திடுங்க." "நிறுத்தினா மண்டபமே திடீர்னு கம்முனு ஆயிடும்க்கா. சாப்பாட்டுக்குப் போறவன்கூட நின்னு திரும்பிப் பாப்பான்." "பாக்கட்டுங்க." அவர் வீடியோவை அந்தப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தூரத்தில் மகளின் குரல் இவள் காதுக்கு வந்தது, வேறு யாரோ வீட்டுக் குழந்தையின் குரல் போல. பத்மாவதி அண்ணி வியாழக்கிழமை என்ன சொல்வார், முகம் எப்படி மாறும், அதற்கு முன்னால் தானே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, சொல்லத்தான் வேண்டும், இன்றைக்கே, இப்போதே, ஜெகதீசன் வருவதற்கு முன்னால், என்று நினைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஓடியது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அருள்தாஸ், தயங்கித் தயங்கி. "பாப்பா சொல்றது அவ்வளவா புரியல. பாட்டும் இல்லேன்னா, என்ன சொல்லுது இந்தக் குழந்தைன்னு ஆளுங்க கேப்பாங்க."

"கேக்கட்டும்," என்றாள் சாருமதி.